மார்க்கெட்டிங்கின் அடிப்படை வேலை முதல் பாட்டிலை விற்பதா, இரண்டாவது பாட்டிலை விற்பதா?

காங்கேயம் செக்கு

வணக்கம். காங்கேயம் அருகே மரச்செக்கில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆட்டி, பாட்டிலில் அடைத்து விற்கும் சிறுதொழில் எங்களுடையது. விளம்பரத்துக்கு ஒதுக்கும் தொகை ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகிறது. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓடும் வாரங்களில் ஆர்டர்கள் வருகின்றன. நிறுத்தினால் ஆர்டர்களும் நின்றுவிடுகின்றன. விளம்பரங்களைச் செய்துதரும் நிறுவனத்தார், பெயரை மக்கள் மனத்தில் பதிய வைப்பதோடு மார்க்கெட்டிங்கின் வேலை முடிந்தது, விற்பது உங்கள் பொறுப்பு என்கிறார்கள். என் பங்குதாரரோ, விற்பனையை உயர்த்தாத எதுவும் வெறும் செலவுதான் என்கிறார். இருவர் பேச்சிலும் ஏதோ ஒன்று விடுபடுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு தொழிலில் மார்க்கெட்டிங் என்ற பகுதி எதற்காக இருக்கிறது என்பது தெளிவானால்தான், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதாவது விளங்கும். அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வரவு செலவு

சிறுதொழில்களின் கணக்குகளைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மார்க்கெட்டிங் என்ற தலைப்பின்கீழ் எங்களிடம் வரும் ரசீதுகளைப் பார்த்தால், அதன் நோக்கம் என்ன என்ற கேள்வியே வேடிக்கையாகத் தோன்றும். புத்தாண்டுக் காலண்டர், கோயில் திருவிழாவுக்கு வைத்த வரவேற்பு வளைவு, சங்க மாநாட்டு மலரில் முழுப்பக்க வாழ்த்து எல்லாம் அதில் அடக்கம். முதலாளிக்கு ஊரில் கிடைக்கும் மரியாதைக்காகச் செய்யும் செலவு அது. செய்யட்டும், ஆனால் அதை வேறு கணக்கில் எழுதட்டும்.

உங்கள் பங்குதாரர் பக்கம்தான் நான், ஒரு திருத்தத்துடன். வேண்டியது விற்பனை அன்று, லாபம் தரும் விற்பனை. ஒரு பேச்சுக்கு, ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரத்தில் 200 ரூபாய் செலவாகிறது என்றும், ஒரு லிட்டருக்கு எல்லாம் போக 60 ரூபாய் மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் லிட்டரில் 140 ரூபாய் நட்டம். மூன்றாவது லிட்டரிலும் நட்டம் தீராது. நான்காவது லிட்டரை வாங்கும்போதுதான் அந்த ஆள் உங்களுக்கு லாபமாகிறார். ஒரு லிட்டரோடு நின்றுவிடுகிறவர்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும், விற்பனை ஏறும், கையிலுள்ள பணம் இறங்கும். ஆகையால் விளம்பரம் ஓடும் வாரத்தில் எத்தனை ஆர்டர் வந்தது என்பதை விட்டுவிட்டு, வந்தவர்களில் நான்காவது முறை வந்தவர் எத்தனை பேர் என்று பாருங்கள்.

ஸ்டாக்கிஸ்ட்

கணக்கர் ஐயா சொன்ன இடத்திலிருந்தே தொடர்கிறேன். சோப்பு, பற்பசை, பிஸ்கட் போன்ற சரக்குகளுக்கு நெடுங்காலம் ஏஜென்சி எடுத்து நடத்தியவன் நான். எங்கள் தொழிலில் விற்பனை என்பது ஒன்றன்று, மூன்று. கம்பெனி எனக்குச் சரக்கை அனுப்பிப் பில் போட்டால் அது ப்ரைமரி விற்பனை. நான் மளிகைக் கடைக்குப் போட்டால் அது செகண்டரி. கடைக்காரரிடமிருந்து ஒரு வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கிச் செல்வது மூன்றாவது. கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிக்கு மாதக் கடைசியில் டார்கெட் முடிய வேண்டும் என்பதற்காக, என் கோடவுனில் இடமில்லாதபோதும் சரக்கை ஏற்றிவிட்டுப் போவார்கள். கம்பெனியின் புத்தகத்தில் அந்த மாதம் அமோக விற்பனை. உண்மையில் ஒரு பாக்கெட்கூட எந்த வீட்டுக்கும் போயிருக்காது; அடுத்த மாதம் ஸ்கீம் கொடுத்து, ஒரு பெட்டிக்கு ஒரு டஜன் இலவசம் என்று சொல்லி, கடைக்காரர் தலையில் கட்ட வேண்டியிருக்கும். அதற்கடுத்த மாதம் அவர் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் சரக்கைக் காட்டித் திருப்பி எடுக்கச் சொல்வார்.

சரக்கைத் தள்ளுவது விற்பனைப் பிரிவின் வேலை. அதைக் குறைசொல்லவில்லை, தள்ளாமல் எந்தச் சரக்கும் அலமாரி ஏறுவதில்லை. ஆனால் வீட்டுக்காரர் கடைக்கு வந்து பெயர் சொல்லிக் கேட்கிறாரா, இல்லாவிட்டால் வேறு கடைக்குப் போகிறாரா, அல்லது கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நடக்கிறாரா என்பதை எந்த விற்பனைப் பிரதிநிதியாலும் மாற்ற முடிந்ததை நான் கண்டதில்லை. அந்த மூன்றாவது விற்பனைக்குப் பொறுப்பேற்பதுதான் மார்க்கெட்டிங். பெரிய கம்பெனிகளிலேயே பலர் இதை மறந்து முதல் விற்பனைக்கு மாலை போட்டுக்கொள்கிறார்கள்.

உங்கள் நிலைமைக்கு வந்தால், இன்ஸ்டாகிராம் ஆர்டர் உங்களுக்கு நேரடி விற்பனைபோல் தோன்றும். அதுவும் ஒருவகையில் தள்ளியதுதான். கேட்டு வாங்கியதா என்பது அடுத்த முறை தெரியும்.

வணிகவியல் ஆசிரியர்

இந்தக் கேள்விக்குப் பலரும் மேற்கோள் காட்டும் விடை 1954இல் மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் சொன்னது: ஒரு தொழிலின் நோக்கம் வாடிக்கையாளரை உருவாக்குவது, அதனால் தொழிலுக்கு அடிப்படையான செயல்பாடுகள் மார்க்கெட்டிங், புதுமை ஆகிய இரண்டு மட்டுமே. மற்றவையெல்லாம் செலவுகள் என்றும் அவர் பின்னர் எழுதினார். (கணக்கர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.) இந்தக் கூற்றை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், ஆனால் "உருவாக்குவது" எப்படி நடக்கிறது என்பது அவர்களுக்குப் பிடிபடாது. அதற்கு நான் எப்போதும் எடுப்பது கடலூரின் ஷாம்பு பாக்கெட் கதையைத்தான்.

1970களில் ஷாம்பு என்பது பாட்டிலில் வரும் பொருள். நகரத்து வசதியான வீடுகளுக்கு உரியது. மற்றவர்கள் சீயக்காயோ குளியல் சோப்போ தேய்த்துக் குளித்தார்கள். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், வசதியுள்ளவர் பயன்படுத்துவதைக் கூலி வேலை செய்பவரும் வாங்கும்படி செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் சிறு சிறு பாக்கெட்களில் பொருள்களை அடைக்கும் முயற்சிகளைச் செய்தவர். அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான சி. கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தந்தையின் பெயரெழுத்துகளைக் கொண்டு சிக் ஷாம்பைத் தொடங்கினார். இன்றைய கெவின்கேர் நிறுவனம் அங்கிருந்து வளர்ந்தது.

இதில் விளம்பரம் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். நாள்கூலி பெறுபவர் ஷாம்பு வாங்காததற்குக் காரணம் அதைப் பற்றிக் கேள்விப்படாதது மட்டுமன்று. ஒரு பாட்டிலுக்கான தொகை மொத்தமாக அவர் கையில் ஒருநாளும் இருப்பதில்லை என்பது முதல் தடை. பாக்கெட் அதை நீக்கியது. எப்படிப் பயன்படுத்துவது, முடி கொட்டிவிடுமோ என்ற தயக்கம் இரண்டாவது தடை. கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பி, கூட்டத்தின் முன்னால் ஒரு சிறுவனின் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டிக் காட்டியது அதை நீக்கியது. ஏற்கெனவே வேறு பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தவரின் பழக்கம் மூன்றாவது தடை. அதற்கு அவர்கள் கொண்டுவந்த திட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். மக்கள் பழகிய பிறகு, சிக்கின் காலிப் பாக்கெட்களுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். முதல் கட்டம் வேறு ஷாம்பு வாங்குபவரைத் தேடிப் பிடிப்பதற்கு, இரண்டாம் கட்டம் அவரைத் தக்கவைத்துக்கொள்வதற்கு. ஆயிரங்களில் இருந்த மாத விற்பனை லட்சங்களுக்கு ஏறியது அப்போதுதான். பின்னர் 1999இல் ஐம்பது பைசா பாக்கெட்டையும் கொண்டுவந்தார்கள்.

ஆகவே என் விடை இது: ஒரு பொருளுக்கும் அதைப் பயன்படுத்தக்கூடிய மனிதருக்கும் இடையில் நிற்கும் தடை எது என்று கண்டுபிடித்து, அதை நீக்கும்படி பொருளை, விலையை, அளவை, கிடைக்கும் இடத்தை மாற்றியமைப்பது மார்க்கெட்டிங். விளம்பரம் அதில் ஒரு கருவி. தடை அறியாமையாக இருந்தால் மட்டுமே அது முதன்மைக் கருவி.

வரவு செலவு

கோபமில்லை ஐயா, ஆனால் ஐயம் உண்டு. பாக்கெட் என்பது பொதி செய்யும் தொழில்நுட்பம். விலை என்பது உற்பத்திச் செலவின் விளைவு. அகமதாபாதில் 1969இல் கர்சன்பாய் படேல் நிர்மா சலவைத்தூளைத் தொடங்கி, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கிலோ மூன்று ரூபாய் அளவில் விற்றபோது, சர்ஃபின் விலை அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். கையால் கலக்கும் சிறு உற்பத்தி, பெரிய நிறுவனத்துக்குரிய மேல்செலவுகள் இல்லாமை, சிறுதொழிலுக்கான வரிச் சலுகை ஆகியவையே அந்த விலைக்குக் காரணம். இவற்றையெல்லாம் மார்க்கெட்டிங் என்ற ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தால், தோற்றதெல்லாம் உற்பத்தியின் குற்றம், வென்றதெல்லாம் மார்க்கெட்டிங்கின் புகழ் என்று ஆகிவிடாதா?

வணிகவியல் ஆசிரியர்

நியாயமான மறுப்பு. ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன்: பொருளைச் செய்வது மார்க்கெட்டிங் பிரிவு அன்று. ஆனால் யாருக்காகச் செய்வது என்ற முடிவு எங்கிருந்து வருகிறது? சோப்புக் கட்டியால் துவைத்துக்கொண்டிருந்த, சர்ஃப் வாங்க முடியாத வீடுகள் படேலுக்கு முன்பும் இருந்தன. பெரிய நிறுவனத்தின் கண்ணில் அவர்கள் வாடிக்கையாளராகவே படவில்லை. சர்ஃபைச் செய்த இந்துஸ்தான் லீவர் முதலில், லலிதாஜி என்ற இல்லத்தரசி பேசும் விளம்பரத்தின் வழியாக, மலிவாக வாங்குவதும் நல்லதாக வாங்குவதும் வேறு வேறு என்று வாதாடிப் பார்த்தது. அருமையான விளம்பரம், சர்ஃபின் வாடிக்கையாளரைத் தாங்கிப் பிடித்தது. ஆனால் சர்ஃபை வாங்கவே முடியாதவரிடம் எவ்வளவு நன்றாக வாதாடி என்ன பயன்? 1980களின் பிற்பகுதியில் வீல் என்ற வேறொரு பொருளை, வேறொரு செலவுக் கட்டமைப்பில் உருவாக்கித்தான் அந்தச் சந்தைக்குள் நுழைய முடிந்தது. தொழிற்சாலைக்கு அந்தக் கட்டளையைக் கொடுத்த அறிவுதான் நான் சொல்லும் மார்க்கெட்டிங்.

எதிர்ப்பக்கத்துக்கு டாடாவின் நானோ கார் இருக்கிறது. 2008 ஜனவரியில் தில்லி வாகனக் கண்காட்சியில் ஒரு லட்ச ரூபாய்க் காராக அது அறிமுகமானபோது கிடைத்த பெயர் உலகில் வேறெந்தக் காருக்கும் அவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்காது. கேள்விப்படாதவர் எவருமில்லை. மழையில் ஸ்கூட்டரில் நான்கு பேராகச் செல்லும் குடும்பத்துக்காக எண்ணப்பட்ட வண்டி அது. ஆண்டுக்கு 2.5 லட்சம் வண்டிகள் செய்யும் திறனுடன் குஜராத்தின் சானந்தில் ஆலை எழுந்தது. ஆனால் விற்பனை மிகச் சிறப்பாக இருந்த ஆண்டில்கூட 75,000ஐத் தொடவில்லை, 2018இல் உற்பத்தி முடிவுக்கு வந்தது. மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து ஆலையை மாற்றியதால் நேர்ந்த தாமதமும், சில வண்டிகள் தீப்பிடித்த செய்திகளும் காரணங்களில் அடங்கும். எனினும் ரத்தன் டாடாவே பின்னர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: மிக மலிவான கார் என்று அடையாளம் தந்திருக்கக் கூடாது. இரு சக்கர வண்டியிலிருந்து காருக்கு மாறும் குடும்பம், தான் உயர்ந்துவிட்டதைத் தெருவுக்குக் காட்ட விரும்புகிறது. அந்த வீட்டு வாசலில் உலகிலேயே மலிவான கார் நின்றால் என்னவாகும்? பெயர் பதிந்தது, அதுதான் சிக்கல். பெயரைப் பதிய வைப்பதே வேலை என்று உங்களிடம் சொன்ன நிறுவனத்தாரிடம் இந்த எடுத்துக்காட்டைக் கொடுங்கள்.

பனியன் ஊர்

திருப்பூரிலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்களுக்கு நான்கைந்து வெளிநாட்டு பையர்கள் மட்டுமே. விளம்பரம் என்பதே கிடையாது. ஆனாலும் சாம்பிளைச் சொன்ன நாளில் அனுப்புவது, சாயத்தில் சிக்கல் என்றால் பையருக்காக இங்கே ஆர்டரைக் கவனிக்கும் பையிங் ஆபீஸ் கேட்பதற்கு முன்பே நாங்களே சொல்லிவிடுவது, ஆடிட்டுக்கு எந்த நாளில் வந்தாலும் ஆலை ஒரே மாதிரி இருப்பது ஆகியவற்றை நான் மார்க்கெட்டிங்காகவே கருதுகிறேன். அடுத்த சீசன் ஆர்டர் இவற்றால்தான் வருகிறது. கண்காட்சியில் கடை போட்டதால் வந்தது மிகச் சில. பையரோடு பேசி ஆர்டரை முடித்துக்கொடுக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர்களின் பதவிப் பெயரில் மார்க்கெட்டிங் என்ற சொல்லே இல்லை, வேலை முழுக்க அதுதான்.

நுகர்வோர் பக்கம்

இவ்வளவு நேரமும் தடையை நீக்குவது, தேவையை நிறைவேற்றுவது என்றே பேசுகிறீர்கள். இல்லாத தேவையை உண்டாக்குவது எந்தக் கணக்கில் வரும்? 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, கறுப்பாக இருப்பதால் வேலையும் வரனும் கிடைக்காமல் போகும் என்ற அச்சத்தை ஒரு தலைமுறைக்கும் மேலாக நம் வீட்டுப் பெண்களிடம் விற்றது. 2020இல் பெயரை மட்டும் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. உங்கள் வரையறைப்படி அது மிகச் சிறந்த மார்க்கெட்டிங்: வாடிக்கையாளர் உருவானார், மாதந்தோறும் திரும்பி வந்தார், கணக்கரின் நான்காவது லிட்டரைத் தாண்டிப் பல நூறு ட்யூப்கள் வாங்கினார். நீங்கள் புகழும் ஷாம்பு பாக்கெட்டும் பல அடுக்கு பிளாஸ்டிக். மறுசுழற்சிக்கு எடுப்பவர் இல்லாமல் சாக்கடை அடைப்பில் கிடக்கிறது. வாங்குபவருக்கு எது நல்லது என்ற கேள்வி இல்லாமல், திரும்பி வந்தார் என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால், இந்தத் துறையின் நோக்கத்தைப் பற்றி நீங்கள் சொல்வது பாதிதான்.

ஸ்டாக்கிஸ்ட்

அம்மா, நீங்கள் சொல்வதில் ஃபேர்னஸ் கிரீம் பற்றியதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. நானே பெட்டி பெட்டியாக விற்றிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த அச்சத்தைக் கம்பெனி கண்டுபிடிக்கவில்லை. பெண் பார்க்கும் கூடங்களில் அது முன்பே இருந்தது. இருந்ததை எடுத்து, கூர்தீட்டி, ட்யூபில் அடைத்து விற்றார்கள். இல்லாத தேவையை வெறுமையிலிருந்து உருவாக்கும் வல்லமை மார்க்கெட்டிங்குக்கு இருக்கிறது என்று நான் நம்பவில்லை. அந்த வல்லமை இருந்திருந்தால் 1994இல் கார்ன் ஃபிளேக்ஸோடு இங்கு வந்த கெல்லாக்ஸ், காலையில் சூடாகச் சாப்பிட்டுப் பழகிய நாட்டைக் குளிர்ந்த பாலுக்கு மாற்றியிருக்கும். சூடான பாலை ஊற்றினார்கள், ஊறிக் குழைந்தது, மறுமுறை வாங்கவில்லை. மனிதரிடம் இருப்பதில் எதை எடுத்து வளர்ப்பது என்ற தேர்வு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்தத் தேர்வுக்கு அது பொறுப்பாளி, இதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். பாக்கெட் குப்பைக்கும் விற்றவரே பொறுப்பேற்க வேண்டும்.

நுகர்வோர் பக்கம்

இருந்ததைக் கூர்தீட்டுவதும் உண்டாக்குவதும் பாதிக்கப்பட்டவளுக்கு ஒன்றுதான். ஆனாலும் பொறுப்பு என்ற சொல் வந்ததே, அதுவரை சரி.

காங்கேயம் செக்கு

அனைவருக்கும் நன்றி. கணக்கர் ஐயா சொன்னபடி ஆர்டர் புத்தகத்தை எடுத்து, திரும்ப வாங்கியவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தோம். நாங்கள் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. திரும்ப வாங்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லெண்ணெய் வாங்கியவர்கள். கடலை எண்ணெய் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரு பாட்டிலோடு நின்றுவிட்டார்கள். விளம்பரச் செலவோ பெரும்பகுதி கடலை எண்ணெய்க்கே போயிருக்கிறது, ஏனெனில் அதுதான் நாங்கள் அதிகம் ஆட்டுவது.

நின்றுபோனவர்களில் சிலரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினோம். எண்ணெய் மோசம் என்று எவரும் சொல்லவில்லை. அடியில் படிந்த கசடைப் பார்த்துக் கலப்படமோ என்று ஐயப்பட்டதாகச் சிலர் சொன்னார்கள். வடை, பூரி சுடும்போது நுரைத்துப் பொங்குகிறது என்றார்கள். எல்லோரும் சொன்ன ஒன்று, ரீஃபைண்டு எண்ணெயைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை என்பது. நல்லெண்ணெயிலும் விலை வேறுபாடு உண்டு, ஆனால் அதைப் பற்றி எவரும் குறைப்பட்டதில்லை. இட்லிப் பொடிக்கும் புளிக்குழம்புக்கும் ஒரு வீட்டில் மாதம் எவ்வளவு நல்லெண்ணெய் ஆகிவிடப் போகிறது? கடலை எண்ணெய் அப்படியன்று. பொரிப்பது முதல் தாளிப்பது வரை எல்லாவற்றுக்கும் அதுவே என்னும்போது மாதச் செலவில் அந்த வேறுபாடு பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

இப்போது கேள்வி மாறிவிட்டது. கடலை எண்ணெயை விட்டுவிடுவதா, அதற்கு வேறு வழி இருக்கிறதா?

ஸ்டாக்கிஸ்ட்

விடாதீர்கள், அதற்கான இடத்தை மாற்றுங்கள். வீட்டின் முழு எண்ணெய்த் தேவையையும் உங்கள் பாட்டில் பிடிக்க வேண்டும் என்று நினைத்தால் ரீஃபைண்டு எண்ணெயோடு விலையில் மோத வேண்டியிருக்கும். அந்தச் சண்டையில் செக்கு தோற்கும். பொரிப்பதற்கு அவர்கள் வாங்குவதையே வாங்கட்டும். தாளிக்கவும், பருப்புப் பொடிச் சோற்றுக்கும், சட்னிக்கும் என்று சொல்லி அரை லிட்டர், கால் லிட்டர் அளவுகளில் கொடுத்துப் பாருங்கள். வாசனைக்காக வாங்குபவருக்கு லிட்டர் விலை கண்ணை உறுத்தாது.

கசடுக்கு இரண்டு வழிகள். கூடுதலாகச் சில நாள் தெளிய வைத்து அடைக்கலாம்; அல்லது அடியில் படிவது கடலையின் இயல்பான கசடு என்று லேபிளிலேயே பெரிய எழுத்தில் போடலாம். என்னைக் கேட்டால் முதலாவதைச் செய்து, இரண்டாவதையும் செய்யுங்கள். கடைகளுக்கு இப்போதே போக வேண்டாம். கடைக்காரர் கேட்கும் மார்ஜினும் கடனும் உங்களைக் கரைத்துவிடும்.

வரவு செலவு

கால் லிட்டர் பாட்டில் என்றால் பாட்டில், மூடி, லேபிள், கூரியர் எல்லாம் சேர்ந்து லிட்டர் கணக்கில் செலவு நன்றாக ஏறும். ஷாம்பு பாக்கெட் கடைக்குச் சரமாகப் போனது, உங்கள் பாட்டில் ஒவ்வொன்றாகக் கூரியரில் போகிறது. நல்லெண்ணெயோடு சேர்த்து ஒரே பெட்டியாக அனுப்பினால் கணக்கு ஒத்துவரலாம். திரும்ப வரும் நல்லெண்ணெய் வாடிக்கையாளர்களுக்கு முதலில் அப்படி அனுப்பிப் பாருங்கள். அவர்களைப் பிடிக்க இன்னொரு முறை விளம்பரச் செலவு இல்லை.

காங்கேயம் செக்கு

அப்படியே செய்கிறோம் ஐயா. கடலை எண்ணெய் விளம்பரங்களை இந்த வாரத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டோம். விளம்பர நிறுவனத்தாருக்கு வருத்தம்தான். பங்குதாரர், அந்தத் தொகையில் ஒரு பங்கைத் தெளிய வைக்கும் தொட்டிக்கு ஒதுக்கலாம் என்கிறார். அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதைக் கணக்கர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

வரவு செலவு

தொட்டி மூலதனச் செலவு. தேய்மானம் போட்டுக்கொள்ளுங்கள்.